ஒரகடம் எறங்குறவங்க

பென்னலூர்,
14.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சசிரேகா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் கேட்டால் தருகிறார்களா?

போன மாதம் மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தபோது, கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கத்தியதும் அந்தப் பக்கம் நீ கத்தியதும்தான் மிச்சம். எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கு என்ன கேட்கும்? அதனால்தான் எழுதுகிறேன். ஜெயில் ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்களாம். படிக்கட்டும். வண்டி ஓட்டினவனைக் கொலை கேஸில் சேர்த்துவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு மேல் நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?

உத்திரமேரூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பென்னலூருக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. இங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. எனக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. காருக்குள் போகும் வயர்களைச் சேர்த்துக் கட்டும் லைன். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து தாம்பரம் பஸ் பிடிக்க வேண்டும்.

உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்தே வளர்ந்தவளுக்குப் பஸ் ஏறத் தெரியவில்லை, அண்ணா. நிழற்குடையில் ஒழுங்காக நின்றேன். பஸ் அதைத் தாண்டி ஜூஸ் கடை முன்னால் போய் நின்றது. ஓடிப்போய் ஏறினால், ஒரகடத்தில் இறங்கக் கதவுப் பக்கமே வர முடியவில்லை. படப்பை வரை போய்விட்டேன். கண்டக்டர், “இன்னாம்மா, தூங்கிக்கினு வந்தியா? ‘ஒரகடம் எறங்குறவங்க முன்னாடி வா’ன்னு தொண்ட கீயக் கத்தினேனே!” என்று எல்லோர் முன்னாலும் திட்டினார்.

எங்கள் லைனில் வேலை செய்யும் ரத்னா அக்கா அதே பஸ்தான். மறுநாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினாள். “போர்டப் பாக்காத. சனம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு, அந்தப் பக்கம் ஓடு” என்றாள்.

மருந்தை விடாமல் சாப்பிடு.

தங்கை
சசி


மத்திய சிறை,
2.7.2024

அன்புத் தங்கச்சி சசிக்கு,

எழில் எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை கட்டு. கேஸைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. குண்டர் சட்டத்தில் போட்டிருப்பதால் இப்போதைக்கு ஜாமீன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ படப்பை வரை போன கதையைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிளாக்கே திரும்பிப் பார்த்தது. நான் இங்கே வந்தபிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏறியதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள். வல்லக்கோட்டை முருகன் கோயில் வளைவு தெரிந்ததும் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்துவிடு. யாருக்கும் வழி விட்டுக்கொண்டு நிற்காதே. அந்த ரோட்டில் லோடு வேன் ஓட்டி, அந்தப் பஸ்களுக்குப் பின்னால் புகை வாங்கினவன் சொல்கிறேன். நிறைய எழுது. உன் கடிதத்தில் நானும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

அண்ணன்
எழிலரசன்


பென்னலூர்,
2.8.2024

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் சுகம். நொச்சி கட்டியதில் அம்மா இரண்டு தெரு நடக்கிறாள். நீ சிரித்ததாக எழுதியதை அம்மா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

இப்போது நான் பஸ் தேறிவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறார். திங்கட்கிழமை ஆடிக் கிருத்திகை. பஸ் முழுக்கக் காவடியும் பால்குடமும். வல்லக்கோட்டையில் இறங்குகிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது ஒருவர் கம்பியைப் பிடித்துக் குறுக்கே நின்று எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். “எழில் தங்கச்சிதானே நீ?” என்றார்.

உன்னோடு கோதண்டம் ஐயாவின் பழைய இரும்பு யார்டில் வேலை செய்தாராம். சுபாஷ் என்று பெயர். ரொம்ப மரியாதை. கண்டக்டரிடம், “நம்ம வூட்டுப் பொண்ணு, பாத்து எறக்கி வுடு” என்று சொன்னார். அன்றையிலிருந்து தினமும் அதே பஸ்ஸில் வருகிறார். பின் படிக்கட்டில் நிற்பார். நான் இறங்கும் இடத்திலேயே இறங்குவார். நான் கம்பெனி கேட்டுக்குள் போகிற வரைக்கும் எதிரில் நிற்பார். அந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை என்று தெரியவில்லை.

உன்னை ரொம்ப விசாரித்தார். “அண்ணன் நல்லா கீறானா? நான் கேட்டேன்னு எழுது. அவன் வாய் பேசாத புள்ள. அப்படியே இருக்கச் சொல்லு. அதான் எல்லாருக்கும் நல்லது” என்றார்.

அப்படியே எழுதிவிட்டேன். ஊர் விட்டு வந்த இடத்தில் உன்னை நல்லவன் என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரே என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

தங்கை
சசி


மத்திய சிறை,
8.8.2024

சசிக்கு,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன்.

நாளையிலிருந்து அந்தப் பஸ்ஸில் போகாதே. பென்னலூரிலிருந்து பூந்தமல்லி பஸ் ஏறு. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் போ. அங்கே சோமங்கலம் பக்கம் போகிற பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ எது கிடைத்தாலும் பிடித்து ஒரகடம் போய்ச் சேர். சுற்று வழிதான். பரவாயில்லை. ஒரு நாள் போகிற நேரத்தில் மறுநாள் போகாதே.

என்னைத் தெரியும் என்று யார் வந்தாலும் பேசாதே. காரணம் கேட்காதே. இந்தக் காகிதத்தில் எழுத முடியாது. அம்மாவை, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இருக்கச் சொல்.

எழில்


பென்னலூர்,
1.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். போன கடிதத்தில் நீ எங்களை நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிப் போய், பூந்தமல்லியில் மாறி, குன்றத்தூரில் மாறிப் போனேன். மூன்று தடவை லேட். சூப்பர்வைசர் ஒரு நாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் குன்றத்தூரில் இறங்கியபோது, டீக்கடை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, “இன்னாம்மா, இப்படிச் சுத்திக்கினு போற? உன் வூட்டாண்ட ஸ்ரீபெரும்புதூர்லயே நேர் பஸ் கீதே” என்றார். கோபமே இல்லை, அண்ணா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு பழைய பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். எந்த வழியில் போனாலும் ஒன்றுதான் என்றால், ரத்னா அக்கா இருக்கிற பஸ்ஸிலாவது போகலாம் இல்லையா?

போன வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது நான் அவர் பெயரைச் சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் பக்கத்தில் நின்ற கைதி என்னை ஏற இறங்கப் பார்த்தான். யார் அண்ணா இந்த சுபாஷ்? எதையும் மறைக்காமல் எழுது.

சசி


பென்னலூர்,
6.10.2024

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதமாக என் கடிதத்துக்குப் பதில் இல்லை. மனு போட்டு வந்தால், நீ வர மறுத்துவிட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். போன ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சுபாஷ் வீட்டுக்கே வந்துவிட்டார். பை நிறைய ஆப்பிள். அம்மா ஒன்றும் தெரியாமல் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். “ஐயா கோதண்டம் குடுத்தனுப்பிச்சாரு. நவம்பர்ல வாய்தா வருது. உங்க புள்ள கோர்ட்டுல எப்பவும் போல சும்மா நின்னுட்டு வந்தா போதும். பொண்ணு தெனம் பஸ்ல போய் வர்ற புள்ள. நாங்க பாத்துக்கறோம்” என்றாராம். போகும்போது கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, “லூசா கீதும்மா, மாத்து” என்றாராம். அதிலிருந்து அம்மா ரேஷன் கடைக்குக்கூடப் போவதில்லை. ஆப்பிளை யாரும் தொடவில்லை. அழுகிப்போய்க் குப்பையில் கொட்டினேன்.

அடுத்த வாரம் எனக்கு எந்த ஷிஃப்ட் என்று சூப்பர்வைசர் சொல்வதற்கு முன்பே சுபாஷுக்குத் தெரிந்திருக்கிறது.

ரத்னா அக்கா தானாகவே கேட்டாள். “அந்த ஆளு உனக்கு இன்னா வேணும்? உன்ன அவன் பாக்கற பார்வ நல்லால்லடி.” அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எழுதவில்லை என்றால் நான் யாரிடம் சொல்வேன்?

சசி


20.10.2024

அன்பான சசிக்கு, அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் ஜெயில் தபாலில் வரவில்லை. இலவச சட்ட உதவியில் எனக்கு வந்திருக்கும் வக்கீல் சண்முகப்ரியா மேடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். யாரும் படிக்கமாட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அன்று மத்தியானம் லோடு எடுத்து வரச் சொல்லிக் கோதண்டம்தான் அனுப்பினார். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் சுபாஷ். பின்னால் இரண்டு பேர். ஒரு கம்பெனியின் ஸ்க்ராப் காண்ட்ராக்டை கோதண்டத்திடமிருந்து எடுத்த ஜீவானந்தம் என்பவரின் ஷெட் முன்னால் நிறுத்தச் சொன்னார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். வெட்டினது சுபாஷ். நான் கண்ணால் பார்த்தேன். பிறகு போலீசில் சரணடைந்தது பின்னால் இருந்த இரண்டு பேர். வண்டி நம்பரை வைத்து என்னைப் பிடித்தார்கள். சுபாஷ் பெயரும் கோதண்டம் பெயரும் கேஸிலேயே இல்லை. அனுப்பியது கோதண்டம், வெட்டினது சுபாஷ் என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

என் பிளாக்கில் கோதண்டத்தின் ஆட்கள் இருக்கிறார்கள். “இன்னிக்கு உன் தங்கச்சி பச்சக் கலர் சுடிதார். பஸ்ல டிரைவர் பின்னாடி நின்னுக்கினு போச்சு” என்று சாப்பிடும்போது சொல்வார்கள். டிரைவர் பின்னால் நிற்கச் சொன்னவனே நான்தானே. அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும்? நீ இங்கே வரக்கூடாது என்றுதான் உன்னைப் பார்க்க மறுத்தேன். எழுதாமல் இருந்ததும் அதனால்தான்.

மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொல்லிவிடு என்கிறார் மேடம். நான் சொல்லப்போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே இருந்தால் நீ வெளியே இருக்கலாம். வேலையை விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு செய்யாறு சித்தி வீட்டுக்குப் போய்விடு.

உன் அண்ணன்
எழில்


பென்னலூர்,
5.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மேடம் கையிலேயே பதிலைக் கொடுக்கிறேன். அம்மாவைச் செய்யாற்றில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். சௌக்கியமாக இருக்கிறாள். நான் போகவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. நீ இந்த வாய்தாவில் பேசாமல் நிற்பாய். அடுத்த வாய்தா வரும். அதற்கும் பேசாமல் நிற்பாய். அதனால் அவன் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவானா? நீ பேசாமல் இருக்கும் காலமெல்லாம் அவன் என் பின்னால் படிக்கட்டில் நிற்பான். செய்யாற்றுக்கும் பஸ் போகிறது, அண்ணா.

ஜீவானந்தத்தின் மனைவி யார் தெரியுமா? எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் கேன்டீனில் வேலை செய்கிறார். பெயர் நாச்சியார். அதே தாம்பரம் பஸ்தான். முன்பக்க சீட்டில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் வருவார். தன் புருஷனைக் கொன்றவன் பின் படியில் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. அவர்தான் ஜீவானந்தத்தின் மனைவி என்று ரத்னா அக்கா சொன்ன நாளிலிருந்து என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ சொல்லிவிடு. என்னைப் பற்றி யோசிக்காதே என்று சொல்லமாட்டேன். யோசி. யோசித்துவிட்டுச் சொல். ரத்னா அக்கா முன்சீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் பேசிவிட்டாள். கண்டக்டரிடமும் பேசிவிட்டாள். மறுநாள் டிக்கெட் கிழிக்கிறபோது அவர், “கதவாண்ட நிக்காத. உள்ள வா” என்றார்.

மழை விடவில்லை. செம்பரம்பாக்கம் நிரம்பிக்கொண்டு வருகிறது என்று எல்லோரும் அதையே பேசுகிறார்கள்.

தங்கை
சசி


22.11.2024

அன்புள்ள சசி,

நலம். நேற்று மாஜிஸ்திரேட் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒரே மடக்கில் குடித்தேன். அன்றைக்கே என்னை வேறு ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். உனக்குப் பாதுகாப்புக் கேட்டு மேடம் மனு கொடுத்திருக்கிறார். உத்தரவு வரும் வரை வேலைக்குப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

எழில்


ஸ்ரீபெரும்புதூர்,
4.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் ஒன்று. நான் உயிரோடு இருக்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை. செய்தித்தாளில் ஏதாவது பார்த்திருந்தால் பயப்படாதே. உன் கடிதம் மேடம் கைக்கே தாமதமாகத்தான் போனதாம். எனக்கு வந்தது, நடந்ததெல்லாம் நடந்த பிறகுதான்.

போன வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. சுபாஷ் ஸ்ரீபெரும்புதூரில் ஏறவில்லை. இரண்டு நாளாகவே அவன் வரவில்லை. விட்டுப்போய்விட்டான் என்று நினைத்தேன். வல்லக்கோட்டையில் பஸ் நின்றது. அவன் முன் படியில் ஏறினான். பின் படியில் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். இத்தனை மாதத்தில் அவன் முன் படியில் ஏறியதே இல்லை. என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

ரத்னா அக்காதான் முதலில் எழுந்தாள். “இது லேடீஸ் பக்கம். பின்னாடி போ” என்றாள். அவன் அவளைத் தள்ளினான். நாச்சியார் அக்கா எழுந்தார். பிறகு சீட்டில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்துவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் டிபன் பையும் குடையுமாக ஒரு சுவர். யாரோ என் தலையைப் பிடித்து சீட்டுக்குக் கீழே அழுத்தினார்கள். அதன்பிறகு எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. ஈரச் செருப்புகள். ரத்னா அக்கா கத்திய சத்தம்.

கண்டக்டர் விசிலை விடாமல் ஊதினார். “எங்கயும் நிறுத்தாத! நேரா ஸ்டேஷனுக்கு வுடு!” என்று கத்தினார். பஸ் ஒரகடத்தில் நிற்கவில்லை. நிறுத்தத்தில் இருந்தவர்கள் கைகாட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்ததாக டிரைவர் பிறகு சொன்னார். பின்னால் ஏறிய இருவரும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தது, மற்றவன் தப்பிவிட்டான். சுபாஷைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்துப் பிடித்தார்கள். கத்தியை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

ரத்னா அக்காவுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெட்டு. தையல் போட்டிருக்கிறது. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வயர் கட்டுகிற கை, அண்ணா. நான் அழுதபோது, “அழுவாத. உன் கையா இருந்தா இன்னா பண்ணியிருப்ப?” என்றாள்.

நாச்சியார் அக்காவிடம் நீதான் அந்த வேனை ஓட்டினாய் என்று சொல்லிவிட்டேன். “அவரு சாப்ட்டாரா?” என்று மட்டும் கேட்டார். தூக்கைத் திறந்தார் என்று நீ எழுதியிருந்தாய். சாப்பிட்டார் என்று சொன்னேன்.

தங்கை
சசி


ஸ்ரீபெரும்புதூர்,
27.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கலுக்கு அம்மா செய்யாற்றிலேயே இருந்துவிட்டாள். சுகமாக இருக்கிறாள். உன் புது இடத்தில் குளிர் எப்படி? போர்வை கொடுத்தார்களா?

பென்னலூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, டிசம்பரிலிருந்து நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அறையில் இருக்கிறேன். கோதண்டத்துக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டதை மேடம் உன்னிடம் சொல்லியிருப்பார். தப்பி ஓடியவனை இன்னும் பிடிக்கவில்லை. எனக்குத் துணையாகப் பஸ்ஸில் வந்த பெண் போலீஸ் பொங்கலோடு வேறு டியூட்டிக்குப் போய்விட்டார். இதையெல்லாம் உன்னிடம் மறைக்கலாம் என்று நினைத்தேன். நாம் இருவரும் மறைத்ததெல்லாம் போதும்.

ரத்னா அக்கா வேலைக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போனால் அவள் புருஷன் வாசலிலேயே நின்று, “இனிமே வராதம்மா” என்றார். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. வெளியே வரவில்லை. நாச்சியார் அக்கா வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டார். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டுகிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் எனக்காக எழுந்து நின்றவர்கள். தினமும் நிற்க முடியுமா?

இப்போது எனக்கு எப்போதும் சீட்டு கிடைக்கிறது. நான் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பஸ் பிதுங்கும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள். அந்த இடம் மட்டும் காலியாகவே போகும்.

இன்று காலை ஒரு பெண் ஏறினாள். கோவில்பட்டிப் பக்கமாம். மாரிசெல்வி என்று பெயர். இன்று விடிகாலைதான் வந்து, ஹாஸ்டலில் பையைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாளாம். அத்தனை கூட்டத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “யக்கா, இங்கன ஆரும் வாராகளா?” என்று கேட்டாள். பஸ்ஸே எங்கள் இருவரையும் பார்த்தது. வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் நியாயம். வாய் வரைக்கும் வந்தது.

“யாரும் வரல. உக்காரு” என்றேன்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டே வந்தாளாம். வல்லக்கோட்டையில் ஆட்கள் ஏறினார்கள். நான் அசையாமல் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். அவள் தலையின் கனம் தோளில் இருந்தது. எத்தனை நாளாயிற்று, அண்ணா, ஒரு ஆள் என்னைத் தொட்டு.

நாளைக்கும் அவளுக்கு இதே ஷிஃப்ட்தான். ஜூஸ் கடை முன்னால் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
சசிரேகா